வேண்டாம், விலகு, சொல்லு

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைத் தலைவி என்றுதான் கூப்பிட்டார்கள். தேர்தலுக்கு நிற்பவரைப் போல, வழியில் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, பெயர் கேட்டு, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். பதினொரு வயது. ஏழாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு அவளுக்கு இல்லை. இருபத்தைந்து சொச்சம் மரபணுக்கள். அந்தத் துண்டோடு என்னென்னவோ போயிருந்தன. கூட்டல் கணக்கு, ஷூ லேஸ் கட்டுவது, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் அகலம். முன்பின் தெரியாதவர்களைக் கண்டால் வரவேண்டிய பயமும் அவற்றோடு போயிருந்தது.

எனக்கு அந்தப் பயம் தேவைக்கு மேலேயே உண்டு. போன் அடித்தால், அடித்து ஓய்ந்த பிறகுதான் கையில் எடுப்பேன். கல்லூரியில் மரபணுவியல் எடுத்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம், குரோமோசோம்கள் திரும்பி நம்மைப் பார்க்காது என்பதுதான். படித்து முடித்ததும் கிடைத்த வேலையோ இது. மூன்றாம் மாடியில் ஒரு பயிற்சி மையம். பிறவியிலேயே வளர்ச்சிக் குறை உள்ள குழந்தைகளுக்கு மற்றவர்களோடு எப்படிப் பழகுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்றவர்களோடு எப்படிப் பழகக்கூடாது என்பதை மட்டும்தான் தலைவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதில் எனக்கு அனுபவம் உண்டு.

பயிற்சி எளிமையானது. முதலில் வாயால் சொல்வோம். பிறகு நடித்துக் காட்டுவோம். பிறகு அவளை நடிக்க வைப்போம். சரியாகச் செய்தால் கை தட்டுவோம். தெரியாத ஆள் கூப்பிட்டால் மூன்று காரியங்கள். 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். விலகிப் போக வேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். தெரியாத ஆளாக நான்தான் நடிப்பேன். ஒரு பழைய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குரலைத் தடிமனாக்கிக்கொள்வேன்.

"பாப்பா, சாக்லேட் வேணுமா? என்கூட வா."

"வேண்டாம்!" என்று கத்துவாள். மூன்றடி விலகுவாள். அடுத்த நொடி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வாள். "மிஸ், உங்களுக்குக் கெட்டவங்களா நடிக்கவே வரல. பாவமா இருக்கு."

சாக்லேட், நாய்க்குட்டி, 'அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க'. என் பட்டியலில் மூன்று ஆசைகாட்டல்கள் இருந்தன. மூன்றையும் மாற்றி மாற்றி ஆறு வாரம் செய்தோம். அவள் முழு மதிப்பெண் வாங்கினாள்.

அவள் அம்மாவுக்கு ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலை. சீருடையோடுதான் மகளைக் கூட்டி வருவார். "நான் நாள் பூரா சிரிக்கிறது வேலைக்காக மிஸ். இவ சும்மாவே சிரிக்கிறா. இவங்க அப்பா வாயத் திறக்க மாட்டாரு. அவரு பேசாம விட்டதை எல்லாம் சேத்து வச்சு இவ பேசுறா" என்பார். நான் தலையாட்டுவேன். ஒரு நாள் அதே குரலில், மகள் கைகழுவப் போயிருந்தபோது சொன்னார்: "கொஞ்ச நாள்ல பெரிய பொண்ணாயிடுவா. எத்தனை நாளைக்கு நான் கையப் பிடிச்சுட்டே நடக்க முடியும் சொல்லுங்க? எவனாவது வான்னா போயிடுவா. சிரிச்சுட்டே போயிடுவா. எனக்கு வேற எதுவுமே பயம் இல்ல மிஸ். கணக்கு வரலன்னா பரவால்ல. இது ஒண்ணை மட்டும் கத்துக்குடுத்துடுங்க."

நான் சரி என்றேன்.

*

அறைக்குள் கற்றுக்கொண்டது வெளியே வருகிறதா என்று பார்க்காமல் பயிற்சியை முடிக்க மாட்டோம். அவளுக்குச் சொல்லாமல், வெளியே, நிஜமான இடத்தில், அவள் முன்பின் பார்த்திராத ஒருவரை அனுப்பிக் கூப்பிடச் சொல்வோம். சோதனை ஆள் என்று பெயர். பெற்றோருக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பயிற்சியாளர் கொஞ்சம் தள்ளி மறைந்து நின்று மதிப்பெண் போட வேண்டும்.

முதல் சோதனைக்கு, மையத்தை நடத்தும் பெரிய மேடத்தின் நாத்தனார் வந்தார். தலைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள். கை கொடுத்தாள். சாக்லேட் என்றதும் சுற்றுமுற்றும் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் நின்ற என் முகம் அவள் கண்ணில் பட்டது. உடனே "வேண்டாம்!" என்று கத்திவிட்டு நேராக என்னிடம் ஓடி வந்தாள். "மிஸ், நான் பாஸா?"

மூன்றுக்கு மூன்று. அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் உறுத்தியது. அவள் வந்த நாத்தனாரைப் பார்த்து முடிவு செய்யவில்லை. என்னைப் பார்த்து முடிவு செய்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பெண், முகங்களை மட்டும் ஒரே வீச்சில் படித்துவிடுவாள். முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விதி. நான் வைத்திருந்ததாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். "அந்த மார்க் செல்லாது மேடம். யார் வராங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா என் முகத்துல தெரியுது. அடுத்த தடவை எனக்கும் சொல்லாதீங்க."

"உனக்கே தெரியாம எப்படிம்மா மார்க் போடுவ?"

"ஏதாவது ஒரு அடையாளம் மட்டும் சொல்லுங்க. போதும்."

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாயே திறக்காத பொண்ணு, திறந்தா இப்படி ஒரு வேலை வைக்குது. சரி. நீலத் தொப்பி. ஆம்பளையா பொம்பளையான்னுகூடச் சொல்ல மாட்டேன், போ."

அந்த யோசனை என்னுடையது. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

*

வியாழக்கிழமை, நாலே காலிலிருந்து நாலரைக்குள் என்று முடிவாயிற்று. கட்டடத்தின் தரைத்தளம் முழுக்கக் கடைகள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதற்கு எதிரே ஜூஸ் கடை. வரிசையில் அடுத்தது ஜெராக்ஸ் கடை. அதைத் தாண்டினால் திருப்பம். திருப்பத்தில், கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவின் வாயில், ஒரு சின்ன மேஜையோடு சாவி செய்து கொடுப்பவர்.

அம்மா தலைவியைப் பெஞ்சில் உட்கார வைத்தார். "மேல போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறேன். இங்கயே இரு, என்ன?" மேடம் சொல்லி வைத்திருந்தபடி நான் ஜூஸ் கடைக்குள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்றேன். கையில் அட்டையும் பேனாவும்.

நாலு பதினெட்டுக்கு நீலத் தொப்பி வந்தது.

ஆண். அவ்வளவுதான் கவனித்தேன். தொப்பியைப் பார்த்ததும் என் கண் அட்டைக்கு இறங்கிவிட்டது. நேரத்தை எழுதினேன். நிமிர்ந்தபோது அவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். தலைவி ஏற்கெனவே கை கொடுத்து முடித்திருந்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். காற்றில் விரல்களை ஓடவிட்டுக் காட்டினாள். அவளுக்குக் கீபோர்டு என்றால் உயிர். அதைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. அவர் தலையாட்டிக் கேட்டார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். என்னைவிட எவ்வளவோ மேல்.

அவர் ஏதோ சொன்னார். அவள் எழுந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'வேண்டாம்' சொல்லவில்லை. பூஜ்யம் என்று எழுதினேன். விலகவில்லை. பூஜ்யம்.

எழுதும்போது வருத்தமாக இருந்தது. அதோடு, இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. நான் சொன்னது சரி. முதல் மதிப்பெண் செல்லாது.

சோதனை ஆள் குழந்தையைப் பத்து அடிக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது. பத்தாவது அடியில், "அட, மறந்துட்டேன், நீ இங்கயே இரு" என்று சொல்லி விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். நான் அடிகளை எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. அவர் நிற்கவில்லை. பதினொன்று. ஜெராக்ஸ் கடையைத் தாண்டினார்கள். புது ஆள், விதி மறந்துவிட்டது என்று நினைத்தேன். கூப்பிட்டு நிறுத்தலாமா என்று யோசித்தேன். முன்பின் தெரியாதவரை எப்படிக் கூப்பிடுவது, சார் என்றா, அண்ணா என்றா. அதையும் யோசித்தேன். இருபது. திருப்பத்தில் திரும்பினார்கள்.

போன் அதிர்ந்தது. மேடம். என் வழக்கப்படி அது அடித்து ஓயட்டும் என்று விட்டேன். மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன்.

"எங்கம்மா இருக்க? நம்ம ஆள் வண்டி பஞ்சராம். வர அரை மணி நேரமாகும்ங்குறாங்க. தலைவியை மேல கூட்டிட்டு வந்துடு, தனியா இருக்கும், பாவம்."

"மேடம், வந்துட்டாங்களே."

"யாரு வந்தா? இப்பதான் பேசினேன். அவங்க இன்னும் மெக்கானிக் கடையில நிக்கிறாங்க."

*

உடம்பு முதலில் என்ன செய்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது அட்டையை ஒழுங்காக ஃபிரிட்ஜ் மேல் வைத்தது. பேனாவுக்கு மூடி போட்டது. அதன் பிறகுதான் ஓடியது.

திருப்பத்தில் அவர்களைக் காணோம்; சாவி செய்பவர் மட்டும் மோட்டார் சத்தத்தில் குனிந்திருந்தார். நேரே தெரு. இடது பக்கம் பின்சந்து. வலது பக்கம் கீழே இறங்கும் சரிவு. பள்ளி விடும் நேரம், தெரு முழுக்க ஆட்கள். எத்தனை நீலத் தொப்பிகள்! தள்ளுவண்டிக்காரர் போட்டிருந்தார். கூரியர் கொண்டுவரும் இருவர் போட்டிருந்தார்கள். நீலம் இவ்வளவு மலிவான நிறம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

கூப்பிட வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. கனவில் வராமல் போகுமே, அப்படி. இந்தக் கடைகளைக் கடந்து ஒன்றரை வருடமாகத் தினமும் போகிறேன், ஒருவரிடமும் ஒரு சொல் பேசியதில்லை. திரும்பி ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கல்லாவில் இருந்த இளைஞர் நிமிர்ந்தார்.

"ஒரு பொண்ணு..." என்றேன். "சின்னப் பொண்ணு. மஞ்சள் கவுன்."

"தலைவியா? இப்பதான் டாட்டா காட்டிட்டுப் போச்சே. யாரோ மாமாகூட."

"மாமா இல்ல." அது கத்தலாக வந்தது. "அது யாருன்னே தெரியாது."

அவர் கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே வந்தார். "அக்கா!" என்று ஜூஸ் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தலைவியை எவனோ கூட்டிட்டுப் போயிட்டான்!" ஜூஸ் கடை அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். "நீங்க அங்கதானே நின்னுட்டிருந்தீங்க? பாத்துட்டுதானே இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் அவர் தெருப் பக்கமாக ஓடினார். ஜெராக்ஸ்காரர் பின்சந்துக்குள் ஓடினார்.

அப்போது மின்சாரம் போயிற்று. கடைகள் வரிசையாக இருண்டன. சாவி செய்பவரின் சின்ன மோட்டார் கிரீச்சிட்டு நின்றது. அவர் தலை நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"சாவி மாமா" என்றேன். தலைவி அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்கு வேறு பெயர் தெரியாது. "தலைவி எங்க?"

"கீழதான் போச்சு. 'சாவி மாமா, நான் கீபோர்டு வாசிக்கப் போறேன், கார்ல இருக்காம்'னு சொல்லிட்டுப் போச்சு. நான்கூட உனக்கு என்னம்மா யோகம்னு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன்?"

கீழே ஜெனரேட்டர் கிளம்பியது. சரிவு முழுக்க அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் நான் இறங்கினேன்.

*

கார் நிறுத்துமிடத்தில் இரண்டு விளக்குகள் மட்டும் எரிந்தன. தாழ்ந்த கூரை. தூண்களில் எண்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை; எங்காவது ஒரு கார் கிளம்பியிருந்தாலும் கேட்டிருக்காது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அதுவரை அப்படி நான் யாரையும் கூப்பிட்டதில்லை. கார்களுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், குனிவதற்கு முன், குனிந்தால் என்ன தெரியும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் எண் தூணுக்கும் பதிமூன்றாம் எண்ணுக்கும் நடுவில் ஒரு ஷூ கிடந்தது. அவளுடையது. லேஸ் இல்லாமல், ஒட்டுகிற பட்டை வைத்தது. பக்கத்தில் ஒரு காலி இடம். தரையில் டயர் தடம் ஈரமாக வளைந்து, மறுகோடியில் இருந்த வெளியேறும் வழியைப் பார்த்துப் போயிருந்தது.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சொல்தான் வந்தது. முடிந்துவிட்டது. அந்த அம்மாவின் சீருடை, என் கையைப் பிடித்த அவருடைய இரண்டு கைகள், ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் அட்டை, அதில் என் கையெழுத்தில் இரண்டு பூஜ்யங்கள்.

ஷூவை எடுக்கக் குனிந்தபோது மஞ்சள் தெரிந்தது.

சுவரோடு ஒட்டி, தண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால், ஒரு பெரியவர் நுழைய முடியாத இடுக்கில் அவள் இருந்தாள். முழங்கால்களுக்குள் தலையைப் புதைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்திக்கொண்டு. உடம்பு முழுக்க நடுங்கியது. பெருஞ்சத்தம் அவளுக்கு ஆகாது. மிக்ஸி ஓடினாலே அறையை விட்டுப் போய்விடுவாள். அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

ஆறு வாரம் நான் சொல்லிக்கொடுத்த எதுவும் அவளை நிறுத்தவில்லை. ஜெனரேட்டர் நிறுத்தியது.

நான் கை நீட்டினேன். அவள் வரவில்லை. அவள் மணிக்கட்டில் நான்கு விரல்களின் சிவந்த தடம் இருந்தது. தரையில் உட்கார்ந்தேன். மின்சாரம் வரும்வரை, ஏழு நிமிடமோ எட்டோ, அப்படியே இருந்தோம். என் பின்னாலேயே இறங்கி வந்திருந்த சாவி செய்பவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஒரு பெரிய அரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சத்தம் நின்றதும் அவள் தலையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"மிஸ், உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

முகத்தை வெறுமையாக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"அந்த அங்கிள் இழுத்தாரு. எனக்குச் சத்தம் வலிக்குதுன்னு சொன்னேன். வா வான்னு இழுத்தாரு. கையக் கடிச்சுட்டேன். கடிக்கக் கூடாதுல்ல? ஸாரி." பிறகு, ஒரு நியாயத்தைக் கேட்பது போல: "அவரு சாக்லேட்னு சொல்லவே இல்ல மிஸ். நாய்க்குட்டின்னும் சொல்லல. அம்மா கூப்பிட்டாங்கன்னும் சொல்லல. கீபோர்டுன்னுதான் சொன்னாரு. அப்ப அவரு தெரியாத ஆள் இல்லதானே?"

அவள் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வரிவரியாக. ஆறு வாரமும் அவள் பார்த்தது, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கைதட்டக் காத்திருந்த ஒரு முகத்தை. இது வேறு முகம். படித்து முடித்து, மெதுவாகத் திரும்பி, கார் போன வழியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். சிரிக்காத அவள் முகத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

*

தலைவியைத் தரைத்தளத்துப் பெஞ்சுக்குக் கூட்டி வந்தபோது மேடம் படியிறங்கி வந்தார். முதலில் குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பொண்ணு கிடைச்சாச்சு. அதுதான் முக்கியம். அவங்க அம்மா மேல இருக்காங்க. இப்ப போய் எல்லாத்தையும் கொட்டிடாத. முதல்ல அவங்க உக்காரட்டும். 'எவனோ கூட்டிட்டுப் போகப் பாத்தான், நாங்க ஓடிப் போய்ப் புடிச்சுட்டோம்'னு சொல்லு. அதுவும் உண்மைதானே? நீ நின்னு பாத்துட்டிருந்ததை எதுக்குச் சொல்லணும்? மையத்தையே மூட வேண்டியதாயிடும்மா. அப்புறம் மத்த பிள்ளைங்க எங்க போகும்?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். நானும் அதையே சொல்ல விரும்பினேன். அது எவ்வளவு சுலபம் என்றும் தெரிந்தது. பேசாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல.

லிஃப்ட் திறந்தது. அம்மா வெளியே வந்தார். புன்னகையோடு, புருவத்தை உயர்த்தி, 'பாஸா?' என்று கையால் கேட்டார். பிறகு மகளின் ஒற்றைக் கால் ஷூவைப் பார்த்தார். கூடி நின்ற கடைக்காரர்களைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

தலைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோதனை ஆள் வரல" என்றேன். "வேற ஒருத்தன் வந்தான். தெரியாத ஆள். நீலத் தொப்பி போட்டிருந்தான். நான் அவனைத்தான் சோதனை ஆள்னு நினைச்சேன். இவ அவன் கையப் பிடிச்சுட்டுப் போனா. நான் பாத்துட்டு இருந்தேன். பாத்துட்டே பூஜ்யம் போட்டேன். அவங்க திரும்புற வரைக்கும் அசையல."

அந்தக் கட்டடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மகளைத் தூக்கிக்கொண்டார், பதினொரு வயதுப் பெண்ணை, கைக்குழந்தையைத் தூக்குவது போல. தோளுக்கு மேல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆள் எப்படி இருந்தான்?"

நினைவைத் தேடினேன். தொப்பி. நீலம். முன்பக்க விளிம்பு கொஞ்சம் நைந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"தெரியல" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று அம்மாவின் கழுத்துக்குள்ளிருந்து தலைவி சொன்னாள். "ஒரு புருவத்துல நடுவுல முடி இல்ல. கோடு மாதிரி. கீழ்ப் பல்லு ஒண்ணு மேல ஏறி இருந்துச்சு. சிரிக்கும்போது கண்ணு சிரிக்கல அம்மா. நான் அதைப் பாத்தேன். ஆனா அவருக்குத் தலைவலியா இருக்கும்னு நெனச்சேன்." தலையைத் தூக்கினாள். "நம்ம வீடு எங்கன்னு கேட்டாரு. சொன்னேன். இன்னொரு நாள் வரேன்னாரு."

அம்மா மகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஜூஸ் கடை அக்கா அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

போலீசுக்கு நான்தான் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

*

இரண்டரை வாரமாகிறது. அந்த ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அவள் சொன்னதை வைத்து ஒரு படம் வரைந்தார்கள். வரைந்தவர், பெரியவர்கள்கூட இவ்வளவு சொல்ல மாட்டார்கள் என்றாராம். படம் ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அந்தப் புருவத்தைத் தினமும் கடந்து போகிறேன். இப்போது எதிரே வருகிற எல்லோருடைய முகத்தையும் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா மகளை மறுபடி கூட்டி வருவார் என்று நான் நினைக்கவில்லை. நேற்று வந்தார். "வேற எங்க போறது?" என்று மட்டும் சொன்னார். வீடு மாற்றிவிட்டார்களாம். என் கையைப் பிடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தும் பேசவில்லை. பேசாத கணவரும் கூட வந்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

அவர்கள் வருவதை நான் மேலேயிருந்து, முதல் மாடிப் படிக்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சரிவின் வாயில் சாவி செய்பவர் எழுந்து நின்றுவிட்டார். பல் வெட்டாத வெறும் சாவி ஒன்றை அவளுக்குத் தருவது அவர் வழக்கம். அவளிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. நேற்றும் ஒன்றை எடுத்து நீட்டினார். "என்ன தலைவி, இத்தனை நாளா ஆளையே காணோம்? மாமாவை மறந்துட்டியா?"

அவள் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கை, பழக்கத்தில், பாதிவரை போனது.

"வேண்டாம்" என்றாள். கத்தவில்லை. கையை இழுத்துக்கொண்டாள். இரண்டடி பின்னால் போனாள். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஜூஸ் கடையைத் திரும்பிப் பார்க்காமல், லிஃப்ட் பக்கம் போய்விட்டாள். அவர் சாவியை நீட்டியபடியே நின்றார்.

நான் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தபோது லிஃப்ட் கதவு திறந்தது, நேராக என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்தி, யாரும் கேட்டுவிடாதபடி சொன்னாள். "மிஸ், கீழ ஒருத்தர் என்னைக் கூப்பிட்டாரு."

வேண்டாம் என்றாள். விலகினாள். சொன்னாள். மூன்றும் நடந்தாயிற்று. யாரும் ஏற்பாடு செய்யாத இடத்தில், நிஜமாக. இதற்காகத்தான் ஆறு வாரம் உழைத்தோம். இப்போது நான் கை தட்ட வேண்டும்.

"அவரு சாவி மாமா" என்றேன். "உனக்குத் தெரிஞ்சவருதானே."

"தெரியும்" என்றாள். "ஆனா அன்னைக்கு அந்த அங்கிளுக்கும் நான் பேரு கேட்டேன், மிஸ். அவரையும் எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

நான் அட்டையை எடுத்தேன். தேதி எழுதினேன். மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்தபோது அவள் தன் நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்காமல், அதில் என்ன இருக்கிறது என்று.